குருத்தோலையும் சாம்பலும்

ராயப்பேட்டையிலிருந்து தெற்கே நடந்தால், ‘காட்டுக் கோயில்’ என்று மக்கள் அழைக்கும் லஸ் பிரகாச மாதா ஆலயம் வரும். 1516-ஐக் கூறும் கல்வெட்டு அங்கே உண்டு. காடு போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

கோடை தொடங்கும் வேளையில், குருத்தோலை ஞாயிறன்று கத்தோலிக்கர்கள் ஓலை ஏந்திப் பவனி வருகிறார்கள். பின்னர் அதை வீட்டில், படத்தின் அருகே செருகி வைக்கிறார்கள். நாளடைவில் அது சருகாகிறது. மறு ஆண்டு சாம்பல் புதனன்று, அத்தகைய ஓலைகளை எரித்த சாம்பலே நெற்றியில் துலங்குகிறது. வெற்றியை வரவேற்ற ஓலைதான், ‘நீ மண்ணாவாய்’ என்றும் நினைவூட்டுகிறது!

இது மனிதனை அச்சுறுத்தவா? இல்லை. சாம்பலுக்கு அப்பால் நாற்பது நாள் தவம். அதன் முடிவில் உயிர்ப்பு ஞாயிறு. முதுமையும் நோயும் நம் வீட்டுச் சருகுகள். பசுமை போன பிறகும் ஒன்றை எறிந்துவிடாமல் போற்றி வைக்கிறோமே, அந்தப் பொறுமைக்குத்தான் நம்பிக்கை என்று பெயர்.