குசினிக் கதவுக்குப் பின்னால்

சூரிச்சின் பழைய பகுதியான நீடர்டோர்ஃபில் ஒரு ஃபொண்டு உணவகம். மரப்பலகைச் சுவர், அதில் தொங்கும் மாட்டு மணிகள், சிவப்பு வெள்ளைக் கட்டம் போட்ட மேசைத்துணி. நாலு எட்டு வைத்தால் ட்ராம் ஓடுகிறது. உள்ளே மட்டும் மலைக் கிராமம். என்னோடு வந்த சித்தப்பா, இதே ஊரில் இன்னொரு ஃபொண்டுக் கடையின் குசினியில் 22 வருஷம் நின்றவர். இப்படி ஒரு கடையில் கதிரை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

பரிமாற வந்த பையன் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே ஆங்கிலத்துக்கு மாறினான். பாணை முள்ளில் குத்தி, சட்டியின் அடிவரைக்கும் விட்டுக் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும் என்று செய்துகாட்டினான். சித்தப்பா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக் கேட்டார்.

"ஏன் அவனுக்குச் சொல்லேல்லை?" என்றேன், அவன் போனதும்.

"அவன்ர வேலையை அவன் செய்யிறான். விடு."

என்னால் விட முடியவில்லை. ஏனென்றால் அந்த மலையே அவ்வளவு நிஜம் இல்லை. ஒயினில் சீஸை உருக்கும் செய்முறை, 1699ஆம் ஆண்டுச் சூரிச் சமையல் குறிப்பு ஒன்றிலேயே இருக்கிறது. அதாவது நகரத்தில். அதை முழு நாட்டுக்குமான தேசிய உணவாக்கியதில் பெரிய பங்கு, 1930களில் சுவிஸ் சீஸ் யூனியன் செய்த விளம்பரத்துக்கு. 1914இல் தொடங்கி 1999 வரை சீஸ் சந்தையைக் கையில் வைத்திருந்த அமைப்பு அது. சீஸ் விற்க வேண்டியிருந்தது. பாரம்பரியம் ஒன்று கிடைத்தது.

அப்போ இதெல்லாம் பொய்தானே என்று வாதாடினேன். சித்தப்பா சிரித்தார்.

"எங்கட கூழுக்குள்ள போடுற மிளகாய் போத்துக்கீசன் கொண்டுவந்தது. அதுக்காகக் கூழ் பொய்யே?"

சரிதான். வயது குறைவு என்பதற்காக ஒரு வழக்கம் பொய்யாகிவிடாது. எல்லா வழக்கமும் கைமாறித்தான் வருகிறது. ஆனால் அதை இன்றைக்கு உயிரோடு வைத்திருக்கும் கையைக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, முன்னால் மணியைத் தொங்கவிடும்போது? பொய் அங்கேதான் நுழைகிறது. 1983க்குப் பிறகு சுவிஸுக்கு வந்த ஈழத்தமிழரில் எத்தனையோ பேருக்கு முதல் வேலை உணவகக் குசினியில்தான். சட்டியில் உள்ளிப்பூண்டைத் தேய்த்து, கிருயேரையும் வஷ்ரனையும் சரிபாதி போட்டு, கட்டி தட்டாமல் கலக்கிய கைகளில் அவர்களுடையதும் உண்டு. சுவரில் இருக்கும் எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை.

இதைக் கோபமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று உறைத்தது. இந்த 22 வருஷத்தில், அங்கே நீங்கள் என்ன சமைக்கிறீர்கள் என்று நான் ஒரு தடவையாவது கேட்டேனா? ஊரில் யாராவது விசாரித்தால், "சுவிஸில இருக்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். குசினியைச் சொல்ல மாட்டோம். அந்தக் கதவை முதலாளி மட்டும் சாத்தவில்லை. வெளிப்பக்கம் நாங்களும் ஒரு கை கொடுத்திருக்கிறோம்.

பில் வந்தது. சித்தப்பா பையனிடம் சூரிச் ஜெர்மனில் ஏதோ சொன்னார். அவன் ஒரு கணம் திகைத்து, பிறகு முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு உள்ளே போனான்.

"என்ன சொன்னீங்கள்?"

"உள்ளுக்க நிக்கிற ஆளிட்டச் சொல்லு, பதம் சரியா இருந்தது எண்டு."