தொடாத இடத்தைப் பற்றிய அறிவு

எஃகின் கடினத்தன்மையை நுண்ணளவில் அறிய, பெர்க்கோவிச் எனப்படும் மும்முக வைர முனையை அதன் பரப்பில் அழுத்துகிறார்கள். கீறலிலும் நுண்துளையிலும் விழுந்த அளவுகளைக் கழித்துவிட்டால், மிஞ்சும் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். நெருக்கமாகக் குத்தி இடைவெளியை அடைக்கவும் வழியில்லை. ஒவ்வொரு குழியும் தன்னைச் சுற்றியுள்ள உலோகத்தை உருக்குலைத்து இறுக்கிவிடுகிறது. அதனால் அடுத்த குழி, குழியின் ஆழத்தைப் போல் குறைந்தது 10 மடங்காவது தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். ஆகவே கடினத்தன்மை வரைபடத்தின் பெரும்பகுதி எந்த முனையும் தொடாத இடத்தைப் பற்றியது. அங்கே தீட்டிய வண்ணத்தை அறிவு என்று சொல்லலாமா? தன் ஐயத்தின் அளவையும் அது கூடவே சொல்லுமானால் சொல்லலாம் என்பதே என் வாதம்.

காட்சி ஒன்றே அறிவுக்கான அளவை என்ற உலகாயத மெய்யியலார் இதை ஏற்கமாட்டார்கள். கண்டதைக் கொண்டு காணாததைத் துணிவதற்குத் தர்க்கம் துணை நிற்காது என்று 18-ஆம் நூற்றாண்டில் டேவிட் ஹியூமும் வாதிட்டார். வலுவான மறுப்புதான். ஆனால், தொட்ட இடத்தில் மட்டும் நாம் எதைக் கண்டோம்? கருவி அளப்பது விசையையும் ஆழத்தையுமே. 1992-இல் ஆலிவரும் ஃபாரும் வகுத்த முறைப்படி, விசையைத் தளர்த்தும்போது கிடைக்கும் வளைகோட்டின் சரிவைக் கொண்டு தொடுபரப்பைக் கணித்து, உச்ச விசையை அதனால் வகுத்த பிறகே கடினத்தன்மை கிடைக்கிறது. அனுமானத்தைத் தள்ளுபவர் தொட்ட புள்ளியின் மதிப்பையும் சேர்த்தே இழக்கிறார்.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் தீட்டலாமா? கூடாது. இருகட்ட எஃகில் மென்மையான ஃபெரைட்டும் கடினமான மார்டென்சைட்டும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சராசரியை இட்டு நிரப்பினால், அந்த எஃகில் எங்குமே இல்லாத ஒரு கடினத்தன்மையை வரைபடம் காட்டக்கூடும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிகே செய்த ஆய்விலிருந்து ஜார்ஜ் மாத்தரோன் வளர்த்தெடுத்த கிரிகிங் முறை, அளக்காத இடத்துக்குக் கணித்த மதிப்போடு அதன் பிழை எல்லையையும் சேர்த்துத் தருகிறது. அந்த எல்லையும், பண்பு எங்கும் ஒரே விதமாக மாறுகிறது என்ற அனுமானத்தின் மேல்தானே நிற்கிறது என்று கேட்கலாம். உண்மைதான். அதனால்தான் அளந்த புள்ளி ஒன்றை ஒதுக்கிவைத்து, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்து ஒப்பிடுகிறார்கள். பொய்த்தால் அந்த அனுமானத்தையே திருத்துகிறார்கள். ஹியூம் கேட்ட உறுதி இதில் கிடைக்காது. ஆனால் உறுதி வேறு, அறிவு வேறு. தான் தவறக்கூடிய இடத்தைத் தானே காட்டிச் சோதனைக்கு உட்படும் அனுமானம் அறிவு என்ற பெயருக்கு உரியது. பிழை எல்லையை மறைத்து வண்ணத்தை மட்டும் காட்டும் வரைபடம், அதன் மதிப்புகள் தற்செயலாகச் சரியாக அமைந்தாலும், அந்தப் பெயருக்கு உரியதாகாது.