மடிநோயும் பாற்குடமும்



எமது ஆலயத்தில் அபிஷேகத்துக்குரிய பால் நீல மூடிப் போத்தலில் வருகிறது. மூடியைத் திறந்து செம்பில் ஊற்றுகிறோம். அந்தப் பாலைத் தந்த பசுவின் மடி எப்படியிருந்தது என்று நாம் கேட்பதில்லை, கேட்கவும் வழியில்லை. யாழ்ப்பாணத்தில் அப்படியில்லை. கறக்கப் போனவுடன் பசு உதைத்தால், மடி தொடச் சுட்டால், பால் கட்டி கட்டியாக விழுந்தால், அன்று சுவாமிக்குப் பால் கிடையாது. "அதின்ரை நோவு தீரட்டும் தம்பி, சுவாமி கோவிக்க மாட்டார்" என்று அம்மா சொல்லிக்கொண்டே சுடுதண்ணீர்த் துணியால் ஒத்தடம் கொடுப்பார், மஞ்சள் அரைத்துப் பூசுவார். (தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தினரும் மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசச் சொல்கிறார்கள் என்று பின்னாளில் அறிந்தபோது அம்மாவை நினைத்துக்கொண்டேன்.)

தாய்ப்பால் ஊட்டிய பெண்கள் சிலருக்கு இந்த வேதனை என்னவென்று தெரியும். மார்பு கல்லாகி, காய்ச்சலும் நடுக்கமும் வரும். பசுவுக்கு வருவதும் அதே வகை நோய்தான். கறந்து முடிந்தபின் காம்பின் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். சேற்றிலும் சாணத்திலும் உள்ள கிருமி அவ்வழியே ஏறும். அல்லது கறப்பவர் கையாலோ இயந்திரத்தின் குவளையாலோ ஒரு மாட்டிலிருந்து மற்றதற்குத் தொற்றும். கன்று மட்டும் குடிக்கும் பசுவுக்கும் இது வரலாம் என்பது உண்மை. ஆனால் நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே கொட்டிலில் நாளுக்கு இருமுறை கறப்பது கன்றல்ல, நாம்.

நோயின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. பால் வெள்ளையாகவே இருக்கும். உள்ளே வெண்குருதிக் கலங்கள் பெருகியிருக்கும். நியூசிலாந்தில் ஒரு பண்ணையின் பாலில் மில்லிலீற்றருக்கு 4,00,000 கலங்கள் வரை அனுமதி உண்டு. நாம் வாங்கும் பால் குடிக்கத் தகுந்தது, அதில் ஐயமில்லை. என் கேள்வி பாலைப் பற்றியதன்று, மடியைப் பற்றியது.

2017 ஜூலையில் தென்தீவில் மைக்கோபிளாஸ்மா போவிஸ் என்ற கிருமி முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. பால், இறைச்சி வழியாக மனிதரை இது தாக்குவதில்லை. மாட்டுக்கோ மருந்துக்கு அடங்காத மடிநோயும், மூட்டு வீக்கமும், நிமோனியாவும் வரும். இக்கிருமிக்குக் கலச்சுவர் இல்லாததால் பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் பலிப்பதில்லை. 2018 மே மாதம் அரசாங்கமும் பண்ணைத் துறையும் சேர்ந்து இதனை நாட்டிலிருந்தே ஒழிப்பதென முடிவு செய்தன. அன்று மதிப்பிட்ட செலவு பத்தாண்டுகளுக்கு 88 கோடி 60 இலட்சம் டொலர். தொற்றிய மந்தைகள், நோய்க்குறி இல்லாத மாடுகள் உட்பட, முழுமையாக அனுப்பப்பட்டன. மொத்தம் 1,75,000க்கும் மேல்.

அந்த நாட்களில் நான் மனம் பொறுக்காமல் அதைக் கொலை என்றே பேசித் திரிந்தேன். பொம்பே ஹில்ஸைத் தாண்டி வைக்காட்டோவில் மாடு வைத்திருக்கும் ஒருவரிடமும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "மடிநோய் திரும்பத் திரும்ப வரும் மாட்டை நாங்கள் ஒவ்வொரு வருடமும் லொறியில் ஏற்றுகிறோம். அதற்கு நீங்கள் அழுததில்லையே" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. இந்நாட்டின் 45 இலட்சத்துக்கும் மேற்பட்ட கறவை மாடுகளில் மிகச் சிலவே முதுமையால் சாகின்றன. பிறந்து சில நாட்களேயான கன்றுகள் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேல் இறைச்சிக்குப் போகின்றன. 2018இன் முடிவுக்காவது, பிற மந்தைகள் ஆண்டாண்டாய் நோகாதிருக்க இவற்றை இழப்போம் என்றொரு நியாயம் இருந்தது. அது சரியா என்று நான் இன்னும் தடுமாறுகிறேன். ஆனால் வழக்கமாகப் போகும் லொறிக்கு அந்த நியாயமும் இல்லை. நோவு மாறும்வரை காத்திருப்பது கட்டுப்படியாகாது, அவ்வளவே. அம்மா காத்திருந்தார், எங்களிடம் நின்றது ஒரே பசு.

பசுவைத் தாய் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். மார்பில் சீழ் கட்டிய தாயை எவரும் விற்பதில்லை. இறைவனுக்கு ஊற்றிவிட்டால் தோஷம் போய்விடும் என்று ஒரு பெரியவர் எனக்குச் சமாதானம் சொன்னார். நம்முடைய கடனைச் சுவாமியின் கணக்கில் எழுதுவதாக அது எனக்குப் பட்டது. பாலையே விட்டுவிடுங்கள் என்கிறார்கள் எங்கள் இளைஞர் சிலர். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் காலையில் பால் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கடந்த சில வருடங்களாக இரண்டு லீற்றர் போத்தலுக்குப் பதிலாக ஒரு சிறு செம்புப் பால் மட்டும் கொண்டுவருகிறேன். மிச்சக் காசு ஒரு கால்நடை நலன் பேணும் அமைப்புக்குப் போகிறது. விசேட தினங்களில் குடம் குடமாக ஊற்றுவதைக் குறைக்கலாமா என்று நிர்வாகத்தில் ஒருவரைக் கேட்டேன். "குறைத்தால் அந்த மாட்டுக்கு என்னண்ணை லாபம்? கடைக்காரன் வேறை ஆளுக்கு விற்பான்" என்றார் அவர். அதுவும் மெய்தான். ஆயினும் வரும் பொதுக்கூட்டத்தில் இதை ஒரு பிரேரணையாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.