ஸ்கேல் வைத்து இழுத்த கோடு

"ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரு நாள்கூட விடுப்பு எடுத்ததில்லை."

இந்த ஒரு வரி என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தில், மதிப்பெண் பார்த்துச் சிறப்பு வகுப்புக்குத் தேர்ந்தெடுத்த முதலாண்டு மாணவர்களை வரவேற்க ஒரு மலர் போட்டார்கள். ஆளுக்கு நாலைந்து வரி அறிமுகம் எழுதித் தரச் சொல்லி, மாணவர்கள் நிரப்பிய படிவங்களை என்னிடம் கொடுத்தார்கள். பெயர், ஊர், பெற்றோர் தொழில், மதிப்பெண், கடைசியில் சாதனைகள். மாநில அளவில் சதுரங்கம், சிலம்பத்தில் பதக்கம், அறிவியல் கண்காட்சியில் பரிசு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். கரிசல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் படிவத்தில், சாதனைகள் என்ற கட்டத்துக்குள் அந்த வரி மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள்.

மலர்க் குழுவில் இருந்த பேராசிரியர் நல்ல மனிதர். ஏழைப் பிள்ளைகளுக்காகப் பலரிடம் போய் நிற்பவர். அவர் சொன்னார்: "மேடம், லீவு போடாததெல்லாம் சாதனையில வராது. அதை எடுத்துடுங்க. அப்பா கூலின்னு எழுதியிருக்கு பாருங்க, அதை முதல் வரியா போடுங்க. மேடையில படிக்கும்போது அதுக்குத்தான் கைதட்டல் வரும்." இரண்டும் இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். இடம் போதாது என்றார்கள். மலரில் அப்பாவின் கூலி இருந்தது, அந்த வரி இல்லை. அவர் சொன்னபடியே கைதட்டலும் வந்தது.

அவள் தகவலாக எழுதியது சாதனை ஆனது. சாதனையாக எழுதியது இல்லாமலே போனது. பெற்றோர் தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று இரண்டு எழுத்தை வேகமாக எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறாள். அங்கே கோடு கிடையாது. நிறுத்தி, ஸ்கேலை எடுத்து, பேனாவை நேராகப் பிடித்து இழுத்த இடம் வேறு. எது முக்கியம் என்று அவளே நமக்குக் காட்டியிருக்கிறாள்.

ஆறு முதல் பன்னிரண்டு என்ற கணக்கு அவளுக்கு எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த ஏழு ஆண்டுகள் மிக முக்கியமானவை. மருத்துவப் படிப்பில் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 விழுக்காட்டை அவர்களுக்கு ஒதுக்கி 2020இல் வந்த சட்டமும், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் 2022ஆம் ஆண்டின் புதுமைப் பெண் திட்டமும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததையே அளவாக வைத்து வந்தவை. பள்ளியில் சான்று வாங்கும்போது இந்த வார்த்தைகளை அவள் பலமுறை பார்த்திருப்பாள். அரசு கேட்டது அங்கே படித்தாளா என்பதை. தினமும் போனேன் என்பதைச் சேர்த்தது அவள்.

ஒரு நாள்கூட விடுப்பில்லை என்பதன் பொருள் கரிசலில் பிறந்தவர்களுக்குத் தெரியும். நானும் அந்த மண்தான். நான் படித்த காலத்தில் பருத்தி வெடித்து எடுப்புக்கு வரும் மாசி, பங்குனியில்தான் பரீட்சையும் வரும். வகுப்பில் பாதிப் பெஞ்சு காலியாக இருக்கும். வாத்தியார் பெயர் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" வராது, அவரும் தலை நிமிராமல் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பருத்தி முடிந்தால் தீப்பெட்டி ஆபீஸ். விடிவதற்கு முன்னால் வண்டி வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். இதுபோக அம்மை, காய்ச்சல், சாவு வீடு, பேறுகால வீடு. பெண் பிள்ளைகளுக்கு மாதத்தில் சில நாள், கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடம். இவற்றில் இன்னும் மிச்சமிருப்பதையெல்லாம் தாண்டி ஏழு வருஷம் ஒருத்தி தினமும் போய் உட்கார்ந்தாள் என்றால், எந்தக் கோப்பையைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைப்பது?

பின்னணியைச் சொல்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. பின்னாளில் மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் கல்லூரிக்குப் பெண் வருவதா என்ற எதிர்ப்போடு அவருடைய தாயாரின் குலமும் தடையாகப் பேசப்பட்டது. மன்னர் தலையிட்டுத்தான் இடம் கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் சிறப்புடன் தேறி வெளியே வந்தார். அன்று பின்னணி வாசலில் நிறுத்தி வைக்கும் காரணமாக இருந்தது. இன்று மேடைக்கு அழைக்கும் காரணமாக இருக்கிறது. இது பெரிய மாற்றம், இதற்காகப் பலர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு இடத்திலும் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் பெற்றோரைப் பார்த்தார்கள் என்பது என்னை உறுத்துகிறது.

இன்னொரு மாணவரையும் நினைத்துக்கொள்கிறேன். 1920களின் பிற்பகுதியில் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்த, பின்னாளில் வானியற்பியல் அறிஞரான சந்திரசேகர். மாணவராக இருக்கும்போதே அவருடைய கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. சித்தப்பா சி.வி. ராமன். தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பதினொன்று பன்னிரண்டு வயது வரை அவருக்கு வீட்டிலேயே பாடம் நடந்தது. அந்த மேதையில் ஒரு துளியையும் இது குறைத்துவிடாது. ஆனால் அவருடைய வரலாற்றைப் படிக்கும்போது வீடு ஒளியாகப் பின்னால் நிற்கிறது, சாதனை முன்னால் நிற்கிறது. கூலி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வீட்டை முன்னால் நிறுத்தி, அவள் செய்ததைப் பின்னால் தள்ளுகிறோம்.

இப்படியெல்லாம் தெளிவாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஊருக்குப் போயிருந்தேன். அக்காவிடம் அந்த வரியைச் சொன்னேன், கோட்டையும் சொன்னேன். அவளும் என்னைப் போல நெகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "அந்தப் பிள்ளை வீட்ல மூத்ததா, இளையதா?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. அக்கா ஆறாம் வகுப்போடு நின்றவள். தம்பிக்கு அம்மை போட்டிருந்தபோது அவள்தான் வீட்டில் இருந்தாள். பருத்திக்கு அம்மாவோடு போனதும், பிறகு தீக்குச்சி அடுக்கப் போனதும் அவள்தான். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே வராத நாட்கள் கூடிக்கூடி ஒருநாள் பெயரையே எடுத்துவிட்டார்கள். அதே பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு நேரே வருகை ஒழுங்காக இருந்தது. அவள் விடுப்பெடுத்ததால் நான் விடுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் அந்தக் கரிசல் பெண்ணின் வீட்டிலும் அவளுக்குப் பதிலாக யாராவது விடுப்பு எடுத்திருப்பார்களா? ஓர் அக்கா, ஒரு பாட்டி, கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்த அம்மா? அல்லது அவளே மூத்தவளாக இருந்து, விடியுமுன் எழுந்து எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடினாளா? முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, உடன்பிறந்தோர் என்று யாரெல்லாம் பட்டம் பெறவில்லை என்பதை உறுதி சொல்ல வேண்டும். 2010இல் கட்டணச் சலுகையோடு வந்த ஏற்பாடு அது. எத்தனையோ வீடுகளில் அதனால் விளக்கு எரிகிறது. படிக்காதவர்களின் பெயர்களை அப்படி வரிசையாகக் கேட்கும் காகிதம் அது ஒன்றுதான் என் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதுவும் அவர்கள் படிக்கவில்லை என்பதை மட்டும்தான் கேட்கிறது. அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்பதில்லை.

அடுத்த ஆண்டுப் படிவத்தில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லலாம் என்று ஒரு யோசனை வந்தது. 'நீங்கள் படிக்க வீட்டில் யார் எதை விட்டார்கள்?' கடிதமும் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதே பயம் வந்தது. அந்தக் கட்டத்தில் வருவதையும் எடுத்து முதல் வரியாகப் போடுவார்கள். அதையும் மேடையில் படிப்பார்கள். வீட்டில் இருக்கும் அக்காவுக்கும் ஒரு கைதட்டல் கிடைக்கும். அது அவளுக்குப் போய்ச் சேர வேண்டியதுதானா, அல்லது அந்தப் பெண் ஸ்கேல் வைத்துக் கோடிட்டுத் தன்னுடையது என்று சொன்ன ஒன்றிலிருந்து மறுபடியும் ஒரு பங்கைப் பிடுங்குவதா?

எங்கள் அக்காவிடம் கேட்டால் முதலாவதைத்தான் சொல்வாள் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. இன்னொரு நேரம், அப்படியெல்லாம் மேடையில் என் பெயரைச் சொல்லாதே என்று கோபிப்பாள் என்றும் தோன்றுகிறது. கடிதத்தை அனுப்பவும் இல்லை, கிழிக்கவும் இல்லை. எந்தக் கட்டம் நியாயமானது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.