இருவரை விட்டுச் செல்வதா?

ஒரு நற்செயலின் மதிப்பை அதன் விளைவைக் கொண்டு அளப்பதா, செய்தவரின் உள்ளத்தைக் கொண்டு அளப்பதா என்பது மிகப் பழைய கேள்வி. சான்றோர் பலர் இதற்குப் பல விதமாக விடை கூறியுள்ளனர். ஆனால் வாழ்க்கையில் இக்கேள்வி தத்துவத்தின் உருவில் வந்து நிற்பதில்லை. பெரும்பாலும் ஒரு நல்ல வாய்ப்பின் உருவில்தான் வருகிறது. 1951-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு அது அவ்வாறுதான் வந்தது.

அமெரிக்கர் கால்பந்து என்று கூறுவது இந்தியர் அறிந்த ஆட்டம் அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் முரட்டு விளையாட்டு அது. பந்தை ஏந்தி ஓடுபவர் ஒருவரே. அவருக்கு வழி உண்டாக்குவதற்காக மற்றவர்கள் தங்கள் உடலையே கொடுத்து எதிரிகளைத் தடுக்க வேண்டும். கைதட்டல் ஓடியவருக்குக் கிடைக்கும்; காயம் தடுத்தவர்களுக்குக் கிடைக்கும்.

இயேசு சபையினர் நடத்தும் அச்சிறிய கல்லூரியின் அணி அவ்வாண்டு ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது. நியூயார்க் சென்று ஃபோர்டம் அணியை 32-26 என்றும், பசிபிக் கல்லூரியை 47-14 என்றும், இறுதியில் லயோலாவை 20-2 என்றும் வீழ்த்தியது. பந்தை ஏந்தி ஓடிய ஆலி மாட்சன் அந்த ஒரே பருவத்தில் 1,566 கெஜம் ஓடி நாட்டிலேயே முதலிடம் பெற்றார். தடுப்பாட்டத்தின் தூண்களுள் ஒருவர் பர்ல் டோலர். இவ்விருவரும் கறுப்பர்கள், மற்ற அனைவரும் வெள்ளையர்கள்.

பருவம் முடிந்தபின் சிறந்த அணிகளை அழைத்து, புத்தாண்டை ஒட்டி ‘பவுல்’ என்னும் சிறப்பு ஆட்டங்கள் நடத்துவது அந்நாட்டு வழக்கம். அழைக்கப்படும் அணிக்குப் புகழும் பெரும்பணமும் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ அணிக்குப் புகழைவிடப் பணமே முக்கியமாக இருந்தது. கல்லூரி கால்பந்தினால் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தது. அழைப்பு வரவில்லையெனில் அணியே கலைக்கப்படலாம் என்ற நிலை. ஆனால் முக்கியமான பவுல் ஆட்டங்களுள் சில, நிறவேற்றுமை சட்டமாகவும் வழக்கமாகவும் வேரூன்றியிருந்த தென்மாநிலங்களில் நடந்தன.

மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்று பயிற்சியாளர் ஜோ குஹாரிச் மூலம் தங்களுக்குத் தெரிய வந்ததாக அந்த வீரர்கள் பின்னாளில் கூறினர். வலுவற்ற அணிகளுடனேயே ஆடினார்கள் என்பது வெளியே சொல்லப்பட்ட காரணம். அத்தகைய செயல்கள் என்றுமே ஒரு கண்ணியமான காரணத்தைத் தேடிக்கொள்கின்றன. வீரர்கள் போக மறுத்தனர். நீண்ட விவாதம் எதுவும் நடக்கவில்லை என்பதே அவர்களுடைய நினைவு.

மறுத்ததற்கு உடனே விலை கொடுக்க நேர்ந்தது. அழைப்பு வரவில்லை. அப்பருவத்தோடு கல்லூரி தன் பெரிய அணியைக் கலைத்தது. இளைய வீரர்கள் வேறிடம் தேடிச் செல்ல வேண்டியதாயிற்று. பவுல் ஆட்டங்களோ வழக்கம்போல் நடந்தன. அவற்றைக் காண வந்தோர் இப்படியோர் அணி வரவில்லை என்பதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். விளைவை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால், எவருக்கும் எப்பயனும் இல்லாத செயல் அது.

இங்கே எதிர்வாதம் ஒன்று எழுகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிடுதல் முறையன்று. இருவர் ஓர் ஆட்டத்தில் பங்கு பெறாதிருந்தால் அணி பிழைத்திருக்கும்; அதில் ஏழை மாணவர் பலர், கறுப்பர் உட்பட, பின்னாளில் படித்திருப்பர். பலருடைய நன்மைக்காகச் சிலர் சற்றே ஒதுங்குவது தியாகம் அல்லவா? அந்த இருவருமே, “எங்களை விட்டுச் செல்லுங்கள்” என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது?

அவ்வாறு சொல்லியிருந்தால் அது அவர்களுடைய பெருந்தன்மை. ஆனால் ஒருவர் தம் உரிமையைத் தாமே விட்டுக்கொடுப்பது வேறு. பிறர் அதை வாங்கிக்கொள்வது வேறு. தியாகம் என்பது தன்னுடையதைக் கொடுப்பது. அடுத்தவரின் மானத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பெயரிடுவது மொழிக்குச் செய்யும் அநீதி. மேலும், அந்த இருவரிடம் கேட்கப்பட்டது வெறும் ஓய்வு அன்று. அவர்கள் மனிதரில் ஒரு படி தாழ்ந்தவர்கள் என்பதற்கு அவர்களுடைய தோழர்களே கையெழுத்திட வேண்டும் என்பதே கேட்கப்பட்டது. பருவம் முழுவதும் ஒருவருக்காக ஒருவர் அடிபட்ட உடல்கள் அந்தக் கையெழுத்தை எப்படி இடும்? விவாதமின்றி விடை கிடைத்ததன் காரணம் இதுவே போலும். ஆராய்ந்து எடுத்த முடிவே உயர்ந்தது என்பர் சிலர். நெடுநாள் பழக்கத்தால் உள்ளத்தில் ஊறிய அறத்துக்கு ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

இத்தகைய மறுப்பு இது ஒன்றே அன்று. 1946-இல் பென் ஸ்டேட் கல்லூரி, தன் கறுப்பு வீரர்களை விட்டு வரும்படி கேட்கப்பட்டதால் மயாமியில் நடக்கவிருந்த ஆட்டத்தையே கைவிட்டது. 1948-இல் அதே கல்லூரி, டல்லாஸ் நகரின் காட்டன் பவுல் ஆட்டத்தில் அவ்வீரர்களுடனேயே களமிறங்கியது. இவ்விரண்டுக்கும் இடையே நேர்க்கோடு வரைவது கடினம். எனினும், மறுப்பவர் இல்லாத இடத்தில் எந்தக் கதவும் தானாகத் திறப்பதில்லை.

சான் பிரான்சிஸ்கோ அணியினரின் பிற்கால வாழ்வைச் சொல்லி, அறத்துக்குப் பரிசு கிடைத்தது என முடிப்பவர் உண்டு. மாட்சன் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இரு பதக்கங்கள் பெற்றார். அவரும், ஜினோ மார்கெட்டி, பாப் செயின்ட் கிளேர் ஆகியோரும் தொழில்முறைக் கால்பந்தில் பெரும்புகழ் எய்தினர். உண்மைதான், ஆனால் அது அவர்களுடைய ஆற்றலுக்குக் கிடைத்த கூலி, மறுப்புக்குக் கிடைத்தது அன்று. டோலரின் கதை வேறு. 1952-இல் ஓர் ஆட்டத்தில் முழங்கால் சிதைந்து அவருடைய ஆட்ட வாழ்வே முடிந்தது. அவர் ஆசிரியரானார், பின்பு சான் பிரான்சிஸ்கோவில் பள்ளித் தலைமையாசிரியரானார். 1965-இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பு நடுவராக நியமிக்கப்பட்டார். அப்போது அந்த லீகின் ஆணையராக இருந்தவர் பீட் ரோசெல். 1951-இல் அதே கல்லூரி அணியின் விளம்பரப் பணிகளைக் கவனித்தவர்.

2006-இல் பல்கலைக்கழகம், உயிருடனிருந்த அந்த அணியினருக்குக் கௌரவப் பட்டம் அளித்தது. அதற்குள் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.