மத்திமையும் வைகரியும்: கண்டி வகுப்பறையில் அறிவும் மொழியும்

ஒரு பிள்ளை ஒரு பாடத்தை அறிந்துகொண்டது என்று எப்போது சொல்லலாம் என்னும் வினா கல்வியியலாருக்கு மட்டும் உரியதன்று. கற்பித்த மொழியிலேயே திருப்பிச் சொல்ல முடிந்தால்தான் அறிவு உண்டாயிற்று எனக் கொள்வதா, எம்மொழியின் வழியாகவேனும் பொருள் உள்ளத்தில் தெளிந்து நின்றால் போதும் எனக் கொள்வதா என்பது, அறிவுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவு பற்றித் தத்துவ மரபுகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பொருளாகும். கண்டி நகரிலும் அதைச் சூழ்ந்த தோட்டப் பகுதிகளிலும் இவ்வினா நாள்தோறும் வகுப்பறைக்குள் எழுகிறது. இங்கு வீட்டில் மலையகப் பேச்சுத் தமிழையும், கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களத்தையும், பாடநூலில் எழுத்துத் தமிழையும், மேற்படிப்பை எண்ணி ஆங்கிலத்தையும் ஒரே பிள்ளை கையாள வேண்டியிருக்கிறது. முஸ்லிம் பிள்ளையாயின் ஓதல்பள்ளியில் அரபும் இவற்றோடு சேர்கிறது.

இவ்வினாவை நுணுக்கமாக வகுத்துரைக்க உதவும் கருத்து ஒன்று சைவ சித்தாந்தத்தில் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், வாக்கு என்பது காதில் விழும் ஒலி மட்டுமன்று என்றும், அது சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நால்வகைப்படும் என்றும் விளக்குகிறது. சூக்குமை எல்லாவற்றிலும் நுண்ணியது. அறிவுக்கு ஆதாரமாய் அடியில் நிற்பது. பைசந்தி என்பது, மயில் முட்டையின் நீருக்குள் தோகையின் வண்ணமெல்லாம் பிரியாமல் அடங்கியிருப்பதுபோல, எழுத்துகள் வேறுபடாமல் உள்ளத்தில் ஒடுங்கி நிற்கும் நிலை. மத்திமையில் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து உருப்பெற்று உள்ளுணர்வில் ஓசையாய் நிற்கும். ஆயினும் புறத்தார் செவிக்கு எட்டா. வைகரியோ நாவும் பல்லும் உதடும் தொழிற்பட்டு, சொல்வோன் செவிக்கும் கேட்போன் செவிக்கும் புலனாகும் மொழி. சித்தாந்திகள் இப்பகுப்பைக் கற்பித்தல் முறையாக வகுக்கவில்லை. சுத்தமாயை என்னும் நுண்ணிய மூலப்பொருளின் காரியங்களை விளக்கும் இடத்தில், உயிர் பொருளை ஐயமறத் துணிந்தறிவதற்கு வாக்கு எவ்வாறு துணையாகிறது என்பதைக் காட்டவே கூறினர். இருந்தும், பள்ளி கேட்பது வைகரியை மட்டுமே என்பதையும், பிள்ளையின் அறிவு பெரும்பாலும் மத்திமையில் நிற்கிறது என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொற்கள் வேறு கிடைப்பது அரிது.

கலஹாவிலோ தெல்தோட்டையிலோ உள்ள தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒளித்தொகுப்பு கற்பிக்கப்படுவதை எடுத்துக்கொள்ளலாம். பச்சையமுள்ள இலை ஒளியின் துணையால் நீரையும் காபனீரொட்சைட்டையும் கொண்டு உணவு தயாரிக்கிறது என்ற பாடநூல் வாக்கியத்தைப் பிள்ளை தடுக்கலின்றி வாசித்துவிடும். இலையின் தொழில் யாது என்று வினவினால் அதே வாக்கியத்தை ஒப்புவிக்கும், அல்லது வாய் திறக்காது நிற்கும். அப்பிள்ளையின் தாய் கொழுந்து எடுக்கும் மலையில் முற்றிய இலைகளைச் செடியில் ஏன் விட்டுவைக்கிறார்கள் என்று கேட்டால் நிலைமை மாறும். “முத்தின எலையையும் பிச்சிட்டா கொழுந்து ஒழுங்கா வராது டீச்சர்” என்று அது சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியத்தில் பாடத்தின் உயிர்ப்பொருள் அடங்கியிருக்கிறது. முற்றிய இலை தயாரிக்கும் உணவே தளிரை வளர்க்கிறது. மிகுந்தது வேரில் மாப்பொருளாகச் சேர்கிறது. கவ்வாத்து வெட்டி இலையெல்லாம் போன பின்னர் செடி மீண்டும் துளிர்ப்பது அந்தச் சேமிப்பைக் கொண்டுதான். ஆசிரியர் பிள்ளையின் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே பாடநூலின் வாக்கியத்தை எழுதி, ‘ஒளித்தொகுப்பு’ என்ற பெயரை அதன்பின் தந்தால், புதிதாகக் கற்க வேண்டியது அப்பெயரும் அதைச் சூழ்ந்த வாக்கிய அமைப்புமேயன்றிப் பொருள் முழுவதுமன்று. மாறாக, பேச்சுமொழியில் வந்த விடையைக் கொச்சை எனத் தள்ளிவிட்டால், பிள்ளையின் மத்திமையில் இருந்த அறிவுக்கு வைகரியாக வெளிவரும் வழி அடைபடுகிறது. இது மொழித் திருத்தம் என்ற பெயரில் நிகழும் அறிவிழப்பு என்றே சொல்ல வேண்டும்.

கனடாவைச் சேர்ந்த கல்வியறிஞர் ஜிம் கமின்ஸ் 1979இல் முன்வைத்த வேறுபாடு இதற்கு அணுக்கமானது. அன்றாட உரையாடலுக்கான மொழித்திறன் ஒன்று. சூழலின் துணையின்றி, எழுத்தின் வழியே கருத்துகளைக் கையாளும் கல்விசார் மொழித்திறன் மற்றொன்று. முன்னதைக் குடியேறிய பிள்ளைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பெற்றுவிட, பின்னதற்கு ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தேவைப்படுகின்றன என்றும், ஒரு மொழியில் பெற்ற கருத்து வளம் இன்னொரு மொழிக்கும் அடித்தளமாகிறது என்றும் அவர் வாதிட்டார். பஸ்ஸில் சரளமாகச் சிங்களம் பேசும் தமிழ்ப் பிள்ளை சிங்கள மொழிமூல வகுப்பில் வரலாற்றுப் பாடத்தின் முன் திகைப்பதற்குக் காரணம் மந்தபுத்தியன்று என்பது இதனால் விளங்கும்.

சித்தாந்தத்தின் நிலைப்பாடு இன்னும் ஆழமான ஒன்றையும் சொல்கிறது. சொல்லின் தொடர்பில்லாத அறிவே இல்லை என்றும், சொல்லே பிரமம் என்றும் இலக்கணத் தத்துவ அறிஞர் பர்த்ருஹரியின் வழிவந்த சத்தப்பிரமவாதிகள் கொண்டனர். சித்தியாரில் பிறர் கொள்கைகளை ஆராயும் பரபக்கம் என்னும் பகுதி அக்கொள்கையை எடுத்துரைத்து மறுக்கிறது. வாக்கு நான்கும் மாயையின் காரியம், ஆதலால் சடம். அறிவது உயிரே, வாக்கு அதற்குக் கருவி மட்டுமே என்பது சித்தாந்தத் துணிபு. இத்துணிபை வகுப்பறைக்கு நீட்டிப் பார்த்தால், எந்த மொழியும் தன்னளவில் அறிவாகாது என்பதும், கருவி மாறியதால் அறிவோன் குறைபட்டவன் ஆகான் என்பதும் பெறப்படும். மொழியை உயிரினும் மேலாகப் போற்றும் தமிழ்ச் சூழலில் இது எளிதில் ஏற்கப்படும் கருத்தன்று. ஆயினும் தமிழரின் தத்துவ நூலே இதைச் சொல்கிறது.

தலதா மாளிகையை நடுவாகக் கொண்ட கண்டியின் பௌத்த மரபிலும் இதே வினா வேறு வடிவில் உண்டு. பல குலங்களிலிருந்தும் துறவு பூண்டோர் தத்தம் பேச்சால் புத்தர் மொழியைக் கெடுக்கின்றனர் என்று முறையிட்ட பிராமண குலத்துப் பிக்குகள் இருவர், அதை வேத மொழியின் செப்பமான வடிவில் அமைக்க அனுமதி கேட்டதாகவும், புத்தர் அவர்களைக் கண்டித்துப் போதனையைச் சொந்த மொழியில் கற்கப் பணித்ததாகவும் விநய பிடகத்தின் சுள்ளவக்கம் கூறுகிறது. யாருடைய சொந்த மொழி என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் உரையெழுதிய புத்தகோசர் அதைப் புத்தர் பேசிய மாகதி எனக் கொண்டார். கற்போர் ஒவ்வொருவரின் மொழியுமே குறிக்கப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். முறையீட்டின் சூழலை நோக்கினால் பிந்தைய பொருளே பொருந்துகிறது, ஏனெனில் இகழப்பட்டது பலவகைக் கற்போரின் பேச்சு. காக்கப்பட்டதும் அதுவாகவே இருத்தல் வேண்டும். எனினும் இலங்கையின் பௌத்த சங்கம், மாகதி என மதித்த பாலியைக் கைவிடவில்லை. 1753இல் சியாம் நாட்டுப் பிக்குகளின் துணையோடு உபசம்பதா என்னும் முழுத்துறவுச் சடங்கு மீட்கப்பட்டபோது, கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆதரவில் சங்கராஜரான வெலிவிட்ட சரணங்கரர் பாலிக் கல்வியை மீண்டும் நிலைநாட்டினார். பாலி நூலுக்குச் சொல் சொல்லாகச் சிங்களத்தில் பொருள் தரும் சன்னய என்னும் உரைமுறை அக்கல்விக்குத் துணைநின்றது. தமிழின் பதவுரைக்கு நிகரான இம்முறையில் இரு மொழிகளும் ஒரே ஏட்டில் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றை விரட்டவில்லை.

கண்டியில் 1838இல் பிறந்த சட்டத்தரணி எம். சி. சித்திலெவ்வையின் பணி இவ்வகையில் தனிக் கவனத்துக்குரியது. அவர் காலத்து முஸ்லிம் பிள்ளை பெரும்பாலும் அரபு எழுத்தை ஓதக் கற்றதே தவிர, வீட்டில் பேசிய தமிழை வாசிக்கக் கற்கவில்லை. மிஷன் பள்ளிகளின் ஆங்கிலக் கல்வியையோ மதம் மாறும் அச்சத்தால் பெற்றோர் விலக்கினர். சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தமிழில் தொடங்கினார், 1885இல் அசன்பே சரித்திரம் என்னும் நாவலை வெளியிட்டார், கண்டியில் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளிகள் அமைத்தார். ஆன்மிக மெய்ப்பொருளைப் பற்றிய அஸ்றாறுல் ஆலம் என்னும் நூலையும் தமிழிலேயே எழுதினார். ஒவ்வொரு தூதரும் தம் மக்களின் மொழியிலேயே, அவர்களுக்குத் தெளிவுபடுத்தும் பொருட்டு அனுப்பப்பட்டனர் என்பது குர்ஆனின் இப்ராஹீம் அத்தியாயத்தின் 4ஆம் வசனத்தின் கருத்து. தெளிவுபடுத்தும் கடமை அங்கே பேசுவோன்மீது வைக்கப்பட்டுள்ளது, கேட்போன்மீது அன்று. அரபு ஓதலின் புனிதத்தைக் குறைக்காமலே அக்கடமையைப் பள்ளிக்கூடத்துக்கும் பத்திரிகைக்கும் கொண்டுவந்தது சித்திலெவ்வையின் பெருமை.

பொருள் விளங்காத ஓதலை வீண் என்று இகழ்தலும் பிழையாகும். அறநெறிப் பாடசாலையில் தேவாரம் ஓதும் பிள்ளையும், பௌத்த சமயப் பள்ளியான தஹம் பாசலையில் பாலிக் காதைகளைச் சொல்லும் பிள்ளையும், ஓதல்பள்ளியில் குர்ஆன் ஓதும் பிள்ளையும் ஒலியைப் பிழையின்றிப் பேணக் கற்கின்றன. அது வழிபாட்டில் தன்னளவில் நிறைவுடைய செயல். கேடு வருவது அப்பழக்கம் விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் பரவி, வைகரியின் செம்மையே விளக்கம் எனக் கொள்ளப்படும் இடத்தில்தான்.

நவீனப் பள்ளி வரலாற்றில் கண்டி திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904 முதல் 1924 வரை இருந்த ஏ. ஜி. பிரேசர், ஆங்கிலமே கோலோச்சிய மிஷன் கல்லூரியொன்றில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடம் கொடுத்தார். கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிவழிக் கல்வியும் படிப்படியாகப் பரவியது. தோட்டப் பாடசாலைகள் 1970களில்தான் அரசின் பொறுப்புக்கு வந்தன என்பதை இங்கு மறத்தலாகாது. தமிழ்மொழிமூலம் என்று பெயர் பெற்றதனாலேயே பாடநூலின் தமிழ் தோட்டத்துப் பிள்ளையின் தாய்மொழி ஆகிவிட்டது என்ற நம்பிக்கை அன்றுதொட்டு இன்றுவரை நிலைத்திருக்கிறது. தோட்டத்து லயக் குடியிருப்பின் பேச்சுக்கும் பாடநூலுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பிள்ளை தானாகவே கடந்துவிடும் என்று எதிர்பார்ப்பது, தாய்மொழிக் கல்வியின் நோக்கத்தையே பாதி வழியில் கைவிடுவதாகும்.

இதற்கு மாற்றாகப் பாடத்தைப் பேச்சுமொழியிலேயே நிறுத்திவிடலாம் என்பாரும் உளர். அது அன்பின் பெயரால் இழைக்கப்படும் அநீதி. க.பொ.த. சாதாரண தரத்தில் அப்பிள்ளை எழுத்துத் தமிழில்தான் விடையளிக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தை அடைந்தால் ஆங்கிலத்தில் கற்க வேண்டும். கலைச்சொல்லை மறுப்பது கதவை மறுப்பதே. ஆகவே சிக்கல் எம்மொழியைத் தேர்வது என்பதில் இல்லை, எவ்வரிசையில் என்பதில் இருக்கிறது. பிள்ளைகள் இருவர் இருவராகத் தமக்கு வாய்த்த எம்மொழியிலும் பேசிப் பொருளைத் துணிந்த பின்னர், ஆசிரியர் பாடநூலின் சொல்லையும் வாக்கியத்தையும் தந்து எழுதவைத்தால், மத்திமையிலிருந்து வைகரிக்குச் செல்லும் இயல்பான வழி காக்கப்படும். இதற்குப் புதிய சுற்றறிக்கை தேவையில்லை; பேச்சுத் தமிழிலோ சிங்களம் கலந்தோ வரும் முதல் விடையைத் தவறென்று அடிக்காமல் கேட்கும் ஆசிரியரும், ஒரு பாடவேளையில் அதற்கென ஒதுக்கிய பத்து நிமிடமும் தேவை.