துணை ஏஜெண்டுக்கு யார் பொறுப்பு?

ஒருவரை நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கிறோம். அவர் அதை மூன்று பேருக்குப் பங்கிட்டுவிட்டால் நாம் யாரிடம் கணக்குக் கேட்பது? வியாபாரிகளுக்கு இது பழைய கேள்வி. செயற்கை அறிவு யந்திரங்கள் இதை இன்று புதிதாகக் கிளப்பியிருக்கின்றன.

பெர்மாஸ் ஜெயாவில் நம்போன்ற கடைக்காரர்களும் இவற்றிடம் சரக்கு விலை விசாரிக்கும் காலமிது. பத்து மொத்த வியாபாரிகளின் விலையை ஒப்பிடச் சொன்னால், சில யந்திரங்களில் தலைமை ஏஜெண்டு தானே தேடுவதில்லை. வேலையைக் கூறுபோட்டு, துணை ஏஜெண்டுகளை ஏககாலத்தில் ஏவி, அவை கொண்டுவருவதைத் தொகுத்துத் தருகிறது. வேகம் மெத்த உண்டு. செலவும் உண்டு. அந்த்ரோபிக் கம்பெனி 2025ல் வெளியிட்ட விபரப்படி, சாதாரண உரையாடலைவிடச் சுமார் 15 மடங்கு டோக்கன்கள் செலவாகின்றன. ஆரம்பத்தில் ஒரு சிறு கேள்விக்கு 50 துணை ஏஜெண்டுகளை ஏவியதும் உண்டாம்! (கந்தூரிச் சோறு ஆக்கவே அவ்வளவு பேர் வேண்டாம்.) உத்தரவு தெளிவில்லாதபோது, இரண்டு ஏஜெண்டுகள் ஒரே வேலையைச் செய்ய, மூன்றாவது 2021ம் வருஷத்துச் சங்கதியைத் தேடிப் போய்விட்டது.

நாம் வழக்கறிஞருக்குச் சொல்லும் 'வக்கீல்', அரபியில் காரியஸ்தரையே குறிக்கும். உதுமானியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லா சட்டத்தை ஜோகூரில் 1913ல் மலாயில் பெயர்த்தார்கள். அதன்படி, முதலாளியின் அனுமதியோ, "உமக்குத் தோன்றியபடி செய்யும்" என்ற வார்த்தையோ இல்லாமல், காரியஸ்தர் இன்னொருவரை நியமிக்கக் கூடாது. அனுமதியுடன் நியமித்தால், அந்த இரண்டாமவர் முதலாளிக்கே காரியஸ்தராகிவிடுகிறார். மலேசியாவின் 1950ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமோ, துணை ஏஜெண்டின் செய்கைக்கு ஏஜெண்டே முதலாளியிடம் பதில் சொல்ல வேண்டும் என்கிறது.

ஏஜெண்டு மனிதராயிருந்தால் பின்னது நியாயமே, கூப்பிட்டு நிறுத்தலாம். யந்திரத்தை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? ஆகவே நம் மனச்சாட்சிக்கு மஜல்லாவின் வழியே பொருந்தும் என்பது நமது அபிப்பிராயம். "உன் இஷ்டப்படி செய்" என்று பட்டனைத் தட்டிவிட்டால், நாம் முகமறியாத அத்தனை துணை ஏஜெண்டுகளும் நம் ஆட்களே. அவற்றில் ஒன்று, நமக்குச் சரக்குப் போடும் ஒருவரைப் பற்றிப் பொய்யான செய்தியைக் கொண்டுவந்து, அதை நம்பி நாம் அவர் ஆர்டரை நிறுத்தினோமானால், அவர் பிழைப்பில் விழுந்த மண்ணுக்கு "யந்திரம் சொன்னது" என்பது பதிலாகுமா? அமானிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியுமா?

விலை விசாரிக்க எத்தனை ஏஜெண்டு வேண்டுமானாலும் ஓடட்டும். பணம் அனுப்பவும், ஒருவருடைய நாணயத்தை முடிவு செய்யவும் அந்த அனுமதியை நாம் கொடுப்பதாயில்லை. சந்தேகம் வந்தால் அவரையே போனில் கூப்பிட்டுக் கேட்க ஐந்து நிமிஷம் போதும்.